பள்ளி அலுவலகமும் பச்சை நோட்டும்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி நடந்த கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கல்விக் குழுச் செயலாளர் கடைக்கு வந்து சொன்னபோது, ஆள் மாறி வந்துவிட்டார் என்றே நினைத்தோம். நம் சங்கத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். காகிதமும் டோனரும் விற்கிற எங்களுக்குக் கல்விக் கருத்தரங்கில் என்ன வேலை? அவர் விடவில்லை. "ஆசிரியர்களைப் பற்றிப் பேச வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசுங்கள். வாரத்துக்கு நாலு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் போய் நிற்கிறவர்கள் நீங்கள்தானே" என்றார். அது உண்மைதான்.

நாங்கள் நாங்கள் என்று சொல்வதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற கடை. இரண்டு பேரும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப் படிப்பு முடித்துவிட்டு வாப்பாவின் கடைக்கே திரும்பி வந்தவர்கள். கடை விஷயத்தில் 'நான்' என்று சொன்னால் வாப்பாவுக்குப் பிடிக்காது. அந்தப் பழக்கம் மேடையிலும் வருகிறது.

காலை ஏழேகால் மணிக்கு ஒரு தொடக்கப்பள்ளியின் அலுவலகத்தில் நின்று பாருங்கள். காகிதப் பெட்டியை இறக்கிவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற பத்து நிமிடத்தில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுப் போன பிள்ளைக்காக ஒரு பாட்டி வந்து நிற்பார். வயிற்று வலி என்று ஒரு சிறுவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தொலைபேசி அடிக்கும். நிதியுதவி விண்ணப்பத்துக்குச் சம்பளச் சீட்டு எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று கேட்டு ஒரு தகப்பனார், வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார். இத்தனைக்கும் பதில் சொல்கிற அந்த ஒரு பெண்மணியின் திரையில் நாலு சன்னல் திறந்திருக்கும். பெற்றோருக்குப் போக வேண்டிய அறிவிப்பு ஒன்றில், வருகைப் பட்டியல் இன்னொன்றில், எங்களைப் போன்ற வியாபாரிகளிடம் விலை கேட்கிற ஜீபிஸ் மற்றொன்றில்.

அவரைத்தான் 'கிளார்க்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறோம். நம் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சந்திக்கும் ஆள் ஆசிரியர் அல்ல, இவர்தான். நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே இந்த வேலையில் பெண்மக்கள் இருக்கிறார்கள். இந்த அரங்கத்திலும் இருக்கிறார்கள். கை தூக்கச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்த மாட்டோம்.

வாப்பா கடை போட்ட காலத்தில் பள்ளிகளுக்குப் போன சரக்கு தட்டச்சு ரிப்பன், கார்பன் தாள், ஸ்டென்சில். ஸ்டென்சிலில் ஓர் எழுத்துத் தவறினால் சிவப்பு மை போன்ற திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும் என்று சொல்வார். அதன் பிறகு போட்டோகாப்பி இயந்திரம், அதன் பிறகு கணினி. 1997இல் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. வகுப்பறையில் கணினி, இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்ற இலக்கு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று அது பெரும்பாலும் வகுப்பறையைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. 2000இல் ஜீபிஸ் வந்தது. விலைக் குறிப்பைத் தொலைநகலில் அனுப்பிப் பழகிய வாப்பா அதைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு தனிக் கதை. 2020 ஏப்ரலில் நோய்ப் பரவல் முறியடிப்புக் காலம் வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி கற்றார்கள். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி கணினியை இரவல் கொடுத்தது. எந்தக் கணினி எந்த வீட்டுக்குப் போனது, சார்ஜர் சேர்ந்து போனதா, திரும்பி வந்ததா என்று யாரோ ஒருவர் பட்டியல் வைத்திருந்தார் அல்லவா? அவர் யாராக இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த முப்பது நாற்பது வருடத்தில் அலுவலக மேசை மேல் இருந்த பொருள் ஏழெட்டு முறை மாறிவிட்டது. எங்களுக்கு அதில் வருமானம் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒவ்வொரு புதுப் பொருளையும் இறக்கும்போது "பயிற்சி உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு என்போம். பயிற்சி என்பது இருபது நிமிடம். இந்தப் பொத்தான் இதற்கு, அந்தப் பொத்தான் அதற்கு, சிக்கல் வந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள். அவர் தலையாட்டுவார். அதற்குள் தொலைபேசி இரண்டு முறை அடித்திருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். விலைப்பட்டியலில் இயந்திரத்துக்கு ஒரு வரி, மூன்று வருட உத்தரவாதத்துக்கு ஒரு வரி. அதில் வேலை செய்யப் போகிறவர் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு ஒரு வரியும் இருக்காது. வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிற நாங்களும் எழுதுவதில்லை.

இதில் வருகிற சேதத்தை வேறு யார் பள்ளிக்கூடத்திலும் தேட வேண்டியதில்லை. நம் சங்கத்திலேயே நடந்தது. செய்தவர்கள் நாங்கள்.

நம் சனி, ஞாயிறு துணைப்பாட வகுப்புகளின் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ராத்தாவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், மாதக் கட்டணம், ரசீது எண். அண்ணன் தம்பி மூன்று பேர் படித்தால் மூன்றாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். தகப்பனார் மௌத்தாகிவிட்ட வீட்டுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாதபடி மற்றவர்களைப் போலவே அதற்கும் ரசீது உண்டு. இந்த விதிகள் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. ராத்தாவின் மனத்தில் இருந்தன.

முறியடிப்புக் காலம் முடிந்த பிறகு கட்டணம் பெரும்பாலும் பேநவ் வழியாக வர ஆரம்பித்தது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று வங்கிக் கணக்கையும் நோட்டையும் ஒப்பிட ராத்தா தவித்தார். நாங்கள் வீரமாக முன்வந்தோம். ஒரு மடிக்கணினியை நன்கொடையாகக் கொடுத்தோம். எக்செலில் அழகாக ஒரு பட்டியல் செய்து கொடுத்தோம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம். "இனி அந்த நோட்டு வேண்டாம் ராத்தா, அதை மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று கிண்டலும் செய்தோம்.

மூன்று மாதம் கழித்து, பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் தேட வசதியாக இருக்கும் என்று ராத்தா நினைத்தார். நல்ல யோசனைதான். பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினார். எக்செல் ஒரு கேள்வி கேட்கும். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து மாற்றவா, தேர்ந்தெடுத்ததை மட்டும் மாற்றவா என்று. ராத்தா எதையும் அதிகமாகத் தொட வேண்டாம் என்ற எச்சரிக்கையில் 'தேர்ந்தெடுத்ததை மட்டும்' என்றார். எச்சரிக்கையானவர் எவரும் அப்படித்தான் சொல்வார். பெயர்கள் மட்டும் இடம் மாறின. கட்டணக் கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. சேமித்துவிட்டு மூடிவிட்டார்.

அந்த மாதம் பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போக வேண்டும். அந்தப் பட்டியலை எங்கள் கடைக்கு அனுப்பினார். நாங்கள் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், பெயரையும் தொகையையும் கணினியே நிரப்பும்படி செய்து, பத்தொன்பது கடிதம் அச்சடித்து அஞ்சலில் போட்டோம். பத்து நிமிட வேலை என்று பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் வந்தார். கணவர் இல்லாதவர், இரவு வேலை பார்க்கிறவர். கட்டணச் சலுகையைக் கொடுத்தபோதும் மறுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே முழுக் கட்டணம் கட்டுகிறவர். பிளாஸ்டிக் பையில் அத்தனை ரசீதும் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த மற்றப் பெற்றோர் நிற்கிற வரிசையில், ஒவ்வொரு ரசீதாக மேசை மேல் எடுத்து வைத்தார். சத்தம் போடவில்லை. "இரண்டு மாசப் பாக்கின்னு என் மகன் கையில கடிதம் கிடைச்சிருக்கு. அவன் என்கிட்ட 'ஏம்மா பொய் சொன்னீங்க'ன்னு கேட்டான்" என்றார்.

ராத்தா அழுதுவிட்டார். அதைவிட எங்களுக்கு இன்றும் மறக்காதது, அப்போது எங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "கம்ப்யூட்டர் கேட்டதைப் படிக்காம ஏன் ராத்தா அழுத்துனீங்க?" என்றோம். பட்டயம் வாங்கியவர்கள் நாங்கள். எதை அழுத்தினால் எது கெடும் என்று சொல்லிக் கொடுக்காதவர்கள் நாங்கள். அச்சடிக்கும் முன் ஒரு பெயரையாவது நோட்டுடன் ஒத்துப் பார்க்காதவர்களும் நாங்களே. குற்றவாளி ஆனது அந்த அம்மா மாதிரி வயதுள்ள ராத்தா.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ராத்தாவுடன் போய் மன்னிப்புக் கேட்டோம். மகனை உட்காரவைத்து, தப்பு எங்கள் மீது என்று சொன்னோம். மற்றப் பதினெட்டு வீடுகளுக்கும் தொலைபேசியில் சொன்னோம். பட்டியலைச் சரிசெய்ய மூன்று இரவு ஆயிற்று. எதை வைத்துச் சரிசெய்தோம்? பச்சை நோட்டை வைத்து. நாங்கள் மியூசியத்துக்கு அனுப்பச் சொன்ன நோட்டை ராத்தா நிறுத்தவே இல்லை. எங்களுக்குத் தெரிந்தால் கிண்டல் செய்வோம் என்று மேசை இழுப்பறைக்குள் வைத்து, ஒவ்வொரு ரசீதையும் அதிலும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எனக்கு இது வராது தம்பி. வேற ஆளப் பாருங்க" என்று விலகப் பார்த்தார். பல வருடமாக நம் பிள்ளைகளுக்கு உழைத்தவர், பத்து நொடியில் அழுத்திய ஒரு பொத்தானுக்காக விலகுவதா? விடவில்லை. இந்த முறை நாங்கள் ஒரு நிபந்தனையை எங்களுக்கே போட்டுக்கொண்டோம். வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். தொலைபேசி அடிக்காத நேரம். உண்மைப் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து, 'இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம்' என்று கொடுத்தோம். முதல் பாடமே உடைப்பதுதான். அந்தப் பழைய தப்பை வேண்டுமென்றே திரும்பச் செய்யவைத்து, பெயர்கள் எப்படிப் புரளுகின்றன என்று காட்டி, கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் எப்படித் திரும்பி வருகிறது என்று காட்டினோம். ராத்தா அதை ஏழெட்டு முறை செய்து பார்த்தார். உடைத்தார், திரும்பக் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு அந்த இயந்திரத்தின் மேல் இருந்த பயம் போனது என்று நினைக்கிறோம்.

நாலாவது வாரத்திலிருந்து கேள்வி அவரிடமிருந்து வந்தது. பதில் எங்களிடம் இல்லை. "நம்ம வகுப்புல முஹம்மது இப்ராஹிம்னு மட்டும் அஞ்சு பிள்ளைங்க இருக்கு. ஒருத்தர் பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி எழுதியிருக்காங்க, இன்னொருத்தர் அடையாள அட்டையில வேற மாதிரி. கம்ப்யூட்டர்ல முஹம்மதுன்னு தேடினா பாதிப் பேர் வரமாட்டேங்கிறாங்களே, ஏன்?" நம் பெயர்களில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று நமக்கு இல்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போடுகிறவரும் உண்டு, ஊர்ப் பெயரைப் போடுகிறவரும் உண்டு.

அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேடலாமே என்று சட்டென்று சொன்னோம். அதுவும் தப்பு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சட்டம் கேட்டால் தவிர, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் தவிர, அடையாள அட்டை எண்ணையோ பிறப்புச் சான்றிதழ் எண்ணையோ வாங்கி வைக்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1இலிருந்து நடப்பில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு அரசாங்கத்தின் தனி விதிகள் உண்டு. நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இந்தச் சட்டம்தான். சனிக்கிழமைக் கணக்குப் பாடத்துக்கு ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண் எதற்கு?

தீர்வு ராத்தாவுடையது. பிள்ளை சேர்ந்த வருடம், பிறகு அந்த வருடத்து நோட்டில் அதன் வரிசை எண். இரண்டையும் சேர்த்தால் மாணவர் எண். இப்போது ரசீதில், பேநவ் குறிப்பில், வருகைப் பட்டியலில் எல்லாம் அந்த எண்தான். ஐந்து இப்ராஹிமும் தனித்தனி ஆளானார்கள். தரவுத்தளம் என்றும் தனித்துவ எண் என்றும் நாங்கள் வகுப்பில் படித்ததை, அவர் நோட்டிலிருந்தே கண்டுபிடித்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பொன்விழா அழைப்பிதழுக்கு முகவரி ஒட்டுத்தாள் அச்சடித்தது நம் கடை. முதல் தாள் வந்ததும் ராத்தா பார்த்துவிட்டு, "தஞ்சோங் பகார் வீடெல்லாம் ஒரு எண் குறையுதே தம்பி" என்றார். 1995இலிருந்து நம் அஞ்சல் எண் ஆறு இலக்கம். தஞ்சோங் பகார்ப் பக்கம் அது பூச்சியம் எட்டு என்று தொடங்கும். எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூச்சியத்தை விழுங்கிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே 'எழுத்து' என்று குறித்துவிட்டுப் பிறகுதான் எண்களைப் போட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் விட்டுவிட்டோம். நம் சங்கத்து மூத்த குடும்பங்கள் இருந்த இடமே தஞ்சோங் பகார். அழைப்பிதழ் அந்த வீடுகளுக்கே திண்டாடிப் போய்ச் சேர்ந்திருந்தால் இன்றைக்கு இந்த மேடையில் எங்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்காது.

இப்போது வெளியே பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு வருகிறோம். ஒரு பாலர் பள்ளியில் எங்களுக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். "உங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சா?" என்றார். மாறவில்லை என்றோம். எங்கள் கடைப் பெயரில், எங்கள் சின்னத்தோடு, புதுக் கணக்குக்குப் பணம் அனுப்பும்படி அவருக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், தன்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்டார். கொஞ்ச நாளைக்கு முன் அரைநாள் வகுப்பு ஒன்றுக்குப் போனாராம், அங்கே சொன்னார்களாம். அந்த அரைநாளுக்கு அவரை அனுப்ப மேலாளர் முதலில் முணுமுணுத்தார் என்றும் சொன்னார். அன்று அனுப்பவிருந்த தொகை ஐந்தாறு வகுப்புக் கட்டணத்துக்குச் சமம். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைத்துக் கேட்கலாம். உங்கள் கைப்பேசியில் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதும் இப்படிச் சின்ன விஷயம்தான். பிசிசி கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டத்தில் போட்டால் எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும். கட்டண உதவி பெறுகிற குடும்பங்களுக்கு மட்டும் போகிற மின்னஞ்சலாக அது இருந்தால்? அந்தப் பட்டியலில் இருப்பதே அவர்களின் அந்தரங்கம். சாட்ஜிபிடி போன்ற கருவிகளில் கடிதம் எழுதிப் பார்க்கிறவர்கள் இப்போது அதிகம். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு அது நல்ல துணை, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் பிள்ளையின் பெயர், நோய், வீட்டுச் சங்கடம் எதையும் அதில் ஒட்டக் கூடாது. பெயருக்குப் பதில் 'ஒரு மாணவர்' என்று போட்டாலும் கடிதம் அதே கடிதம்தான் வரும்.

படிக்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சிங்கப்பூரர்களில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2016இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி போட்டார்கள். அதைக் கேக் செய்யும் வகுப்பில் செலவழித்தவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. கேக் நன்றாகத்தான் இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 4,000 வெள்ளி தனியாக உண்டு. அதைத் தேர்ந்தெடுத்த, வேலைக்கு உதவுகிற படிப்புகளுக்குத்தான் பயன்படுத்த முடியும். பள்ளி அலுவலகத்தில் இருக்கும் நம் பெண்மக்களில் பலர் இந்த வயதில்தான் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் இன்று நிர்வாக மேலாளர், செயல்பாட்டு மேலாளர் என்ற பொறுப்புகள் உண்டு. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருக்கிற நாற்காலியே கடைசி நாற்காலி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்று, பணம் இருப்பவரெல்லாம் படிக்கப் போவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து முடிக்கும்போது மணி பத்து. வகுப்பு ஏழு மணிக்கு. "போய்ட்டு வா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற ஆள் வீட்டில் இருந்தால்தான் அந்த 4,000 வெள்ளிக்கு மதிப்பு. இதை இங்கே இருக்கிற ஆண்களுக்குச் சொல்கிறோம். எங்களுக்கும் சேர்த்துத்தான், எங்கள் வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

கடைசியாக, செயலவைக்கு ஒரு விண்ணப்பம். பொன்விழா நிதியிலிருந்து துணைப்பாட வகுப்புகளுக்குப் புது நிர்வாக மென்பொருள் வாங்குவது என்று முடிவாகி, இரண்டு விலைக் குறிப்பு வந்திருக்கிறது. அதில் ஒன்று எங்களுடையது. அதை இப்போதைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், இப்போது தெரிந்துகொண்டார்.

காரணம் இதுதான். அந்த மென்பொருளுக்கு மூன்றாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்பது தெரியாது. தகப்பனார் இல்லாத பிள்ளைக்கு ஏன் கட்டணமில்லாமல் ரசீது போகிறது என்பது தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கு அடுத்து யாரும் இல்லை. முதலில் ராத்தாவுக்குப் பக்கத்தில் இன்னொருவரை உட்காரவையுங்கள். இளையவராக இருக்கட்டும். இரண்டு பேருக்கும் வாரம் இரண்டு மணி நேரம் கற்பதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்கும் படித்தொகை கொடுங்கள். இதுவரை கொடுத்ததில்லை. ராத்தா அந்தப் பத்து வாரமும் தம் சொந்த நேரத்தில்தான் வந்தார். எழுதப்படாத விதிகளை இரண்டு பேரும் சேர்ந்து எழுதட்டும். ஆறு மாதம் கழித்து எந்த மென்பொருள் வேண்டும், எது வேண்டாம் என்று செயலவைக்கு அவர்களே சொல்லட்டும். அவர்கள் கேள்வி கேட்கும்போது எங்களைப் போன்ற விற்பனையாளர்கள் கொஞ்சம் வியர்ப்பார்கள். வியர்க்கட்டும். அப்போதும் எங்கள் விலைக் குறிப்பு தேவைப்பட்டால் கொண்டுவருகிறோம், பயிற்சி நேரத்துக்குத் தனி வரியோடு.

வருகிற சனிக்கிழமையிலிருந்து, மாலை நாலரை மணிக்கு, அஸர் தொழுகை முடிந்ததும், மாடியில் இரண்டாவது அறையில் பத்து வார வகுப்பு ஒன்றைத் தொடங்குகிறோம். பள்ளி அலுவலகத்தில், பாலர் பள்ளியில், மதரஸா அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் வரலாம். வேலைக்குப் போக நினைக்கிறவர்களும் வரலாம். கட்டணம் இல்லை. மடிக்கணினி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாதவர்களுக்குக் கடையிலிருந்து ஐந்து கொண்டுவருகிறோம். பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள இளையர் பிரிவினர் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் வகுப்பை நாங்கள் எடுக்கவில்லை. ராத்தா எடுக்கிறார். பட்டியலை எப்படி உடைப்பது என்பதுதான் பாடம். பச்சை நோட்டையும் கொண்டுவருவாராம், யாரும் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான் என்று சொல்லச் சொன்னார்.